ஆடிக் கச்சானில் கர்க்கடகக் கஞ்சியா?

மச்சான்,

வாட்ஸ்அப்பில் நான் போடும் குரல்பதிவு ஒன்றையும் நீ கேட்பதில்லை என்று தங்கச்சி சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் எல்லாரும் சுகம், வெக்கையைத் தவிர வேறு குறை இல்லை.

நீ அனுப்பிய கர்க்கடகக் கஞ்சி வீடியோவைப் பார்த்தேன். நல்ல கஞ்சிதான், ஆனால் அதை இப்போது திருக்கோவில் ஊரில் இருந்துகொண்டு தினமும் குடிக்கப்போகிறாய் என்றால் கொஞ்சம் பொறு. கர்க்கடகம் நம்முடைய ஆடிதான், சரி, ஆனால் கேரளத்தில் அப்போது அடைமழை. மழைக்காலத்தில் செரிமான அக்கினி மந்தமாகும், வாதம் கூடும் என்பது ஆயுர்வேதக் கணக்கு, அதனால் சுக்கு, மிளகு, வெந்தயம் போட்டுச் சூடாகக் குடிக்கிறார்கள். கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கோ அதே தென்மேற்குக் காற்று மழையை எல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, காய்ந்த கச்சான் காற்றாக வந்து முகத்தில் அடிக்கிறது. அவர்களுக்கு வர்ஷ ருது, அதாவது மழைப் பருவம், நமக்கு அசல் கிரீஷ்மம், கோடை. மாதத்தின் பெயரைப் பார்க்காதே, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்.

கிரீஷ்மத்துக்கு அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் சொல்வது நேர் எதிர்: இனிப்பும் குளிர்ச்சியும் நீர்த்தன்மையும் உள்ள சாப்பாடு, உப்பு, புளி, உறைப்பு, கடும் பயிற்சி, வெயில் எல்லாம் குறைய வேண்டும். இளநீர், வெள்ளரிப்பழம், பாசிப்பயறு, நீற்றுப்பூசணி, பொன்னாங்காணி என்று நம் சந்தையிலேயே எல்லாம் கிடக்கிறது. பகல் தூக்கத்துக்கும் இந்தப் பருவத்தில்தான் அனுமதி, அதை மட்டும் நீ ஏற்கெனவே ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாய்.

இனித் தயிர் விஷயம், இதில்தான் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். வெயிலுக்குத் தயிர் குளிர்ச்சி என்றுதானே நாம் சட்டி சட்டியாக எருமைத் தயிர் சாப்பிடுகிறோம்? ஆயுர்வேதத்தில் தயிர் சூடு. கிரீஷ்மம், இளவேனிலான வசந்தம், மழைக்குப் பிறகு வரும் சரத் மூன்றிலும் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறது இன்னொரு ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, இரவில் தொடவே கூடாதாம். மீனோடு பால் சேர்ப்பதையும் விருத்தம், அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத சேர்க்கை, என்று விலக்குகிறது. மட்டக்களப்பானிடம் போய்த் தயிரை விடு என்றால் யார் கேட்பான், எனக்கே முடியவில்லை. இப்போதைக்குப் பகலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, மோராகத்தான் குடிக்கிறேன், கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு. கருப்பட்டித் தயிரை ஞாயிறு மதியத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன், சரகர் மன்னிக்கட்டும்.

யோகா தொடங்க நல்ல காலம் எது என்று கேட்டிருந்தாய். கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூல் வசந்தத்தையும் சரத்தையும்தான் சொல்கிறது, மற்றப் பருவங்களில் தொடங்கினால் நோய் வருமாம். என்னைக் கேட்டால் அதற்காகக் காத்திருக்காதே, உன் வயிறு காத்திருக்காது. வெயில் ஏறுவதற்கு முன், பாதிப் பலத்தோடு செய். சூரிய நமஸ்காரத்தைச் சில சுற்றோடு நிறுத்திவிட்டு, முன்வளைவுகளை மெதுவாகச் செய், கடைசியில் சவாசனத்தில் நன்றாகக் கிட. நாக்கைக் குழல்போல மடித்துக் காற்றை உள்ளிழுக்கும் சீதளி பிராணாயாமம் இந்த வெக்கைக்கு அருமை, ஆனால் தங்கச்சிக்கு மூச்சிழுப்பு இருக்கிறதே, அவளுக்கு அது வேண்டாம். உனக்குப் பிரஷர், அதனால் வீடியோவில் அந்தப் பையன் வேகமாக ஊதித் தள்ளுகிற கபாலபாதி மூச்சுப்பயிற்சி எந்தப் பருவத்திலும் வேண்டாம். குளிசையையும் நிறுத்திவிடாதே, அது வேறு கதை.

கஞ்சியை ஐப்பசிக்கு வைத்துக்கொள். வாடைக்காற்று திரும்பி மழை பிடித்ததும் மிளகு, உள்ளி, இஞ்சி, தூதுவளை இரசம் எல்லாம் தாராளமாகச் சேரட்டும். மழைக்குப் பழைய தானியம் நல்லது என்கிறார்கள், நமக்கு அதில் கஷ்டமே இல்லை, மாரியில் விளையும் பெரும்போக நெல் வீட்டுக்கு வர எப்படியும் மாசியாகும், அதுவரை பழைய அரிசிதானே. ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடாதே. ஒரு ருதுவின் கடைசி ஏழு நாளும் அடுத்ததின் முதல் ஏழு நாளும் சந்திக்காலம், அதில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புதியதைப் பழக வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு நீ திருக்கோவில் தீர்த்தத்தை விட்டு வரமாட்டாய், நான் இங்கே மாமாங்கக் கோயில் தீர்த்தத்தை விட்டு வரமாட்டேன், ஒவ்வொரு வருடமும் இதே கூத்துத்தான். சிறுபோக நெல் வெட்டு எப்போது என்று எழுது, அது முடிந்த பிறகு இரண்டு நாள் இங்கே வந்து நில்.