இருபத்தொரு கட்டுரைகள் அனுப்பினேன், ஒன்றையும் யாரும் படிக்கவில்லை

அனுப்புநர்:
தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் (பெயரும் மாணவர் எண்ணும் உங்கள் பதிவேட்டில் உள்ளன),
திருவெறும்பூர், திருச்சி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னைத் தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) ஜெனரல் பயிற்சி வகுப்பு – கட்டுரைகளைத் திருத்தாமலே திருத்தியதாகக் காட்டியது – உத்தரவாதப்படி கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும், மூன்றுக்கும் வந்த ஒரே பதிலும்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். ஓர் எழுத்துகூட மாறாமல் மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. "பொறுமைக்கு நன்றி, தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள், வெற்றி உங்களுடையது." நான் கேட்டது பணம். அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். தமிழ்க் கடிதம் என்றால் அதைப் பிரித்துப் படிக்க ஓர் ஆளையாவது உட்கார வைப்பீர்கள் என்ற நப்பாசைதான்.

திருச்சியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வெல்டிங் முடிந்த குழாய்களின் எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதும், காற்றுக் குமிழோ கசடோ விரிசலோ தெரிந்தால் திருப்பி அனுப்புவதும், சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

ஆஸ்திரேலியாவுக்குப் போக முயற்சி செய்கிறேன். அதற்கு முதலில் 'இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்பிடம் தகுதி மதிப்பீடு வாங்க வேண்டும். அவர்கள் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்பது லிஸனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நான்கிலும் தனித்தனியாகக் குறைந்தது 6 பேண்ட், அதாவது மதிப்பெண். சராசரி எவ்வளவு வந்தாலும் அவர்களுக்கு அது கணக்கில்லை. சேரும்போது உங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பியிடம் இதை இரண்டு முறை சொன்னேன். அவர் அனுப்பிய விண்ணப்பத்தில் 'இலக்கு' என்ற இடத்தில் "ஒவ்வொரு பிரிவிலும் 6" என்று நானே தட்டச்சு செய்தேன். அதற்குப் பதிலாக வந்த மின்னஞ்சலில் "உங்கள் இலக்கை அடையாவிட்டால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும்" என்று இருந்தது. 24,500 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன்.

எனக்கு வந்த முடிவு இது: லிஸனிங் 6.5, ரீடிங் 6, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 6.125. ஐஇஎல்டிஎஸ் கணக்குப்படி அது 6 என்று முழுமையாக்கப்படும். நீங்கள் இந்த 6-ஐப் பிடித்துக்கொண்டீர்கள். "ஓவரால் 6 வந்துவிட்டது, உத்தரவாதம் நிறைவேறியது" என்று தொலைபேசியில் பேசிய பெண் சொன்னார். நான்கு இணைப்பில் ஒன்றில் விரிசல் இருக்கும்போது சராசரியாகப் பார்த்தால் குழாய் நல்ல குழாய்தான் என்று என் இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னால், மறுநாள் எனக்கு அங்கே வேலை இருக்காது.

சரி, 5.5 ஏன் வந்தது? என் ஆங்கிலம் நன்றாக இல்லை என்பதால்தான். அதை நான் மறுக்கவில்லை. நன்றாக இல்லை என்று தெரிந்துதான் உங்களிடம் வந்தேன். எங்கே நன்றாக இல்லை என்பதைச் சொல்லத்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தேன்.

உங்கள் விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது "24 கட்டுரைகளுக்கு நிபுணர் திருத்தம்" என்ற வரி. நான் 21 அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதியவை. நான்குக்குப் பதிலே வரவில்லை. பதினேழுக்கு வந்தது. தேர்வு முடிவுக்குப் பிறகு அந்தப் பதினேழையும் அச்செடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். பதினேழிலும் அதே நான்கு வாக்கியங்கள், வரிசை மட்டும் மாறியிருந்தது. நல்ல முயற்சி. இணைப்புச் சொற்களை இன்னும் பயன்படுத்துங்கள். சொல்வளத்தைக் கூட்டுங்கள். இலக்கணத்தைக் கவனியுங்கள். எந்த இலக்கணம், எந்த வரியில் என்று ஒரு இடத்திலும் இல்லை. சிவப்பு மை என்று எதுவுமே இல்லை.

உண்மையில் எனக்குச் சந்தேகம் பதினான்காவது கட்டுரையிலேயே வந்துவிட்டது. அதனால் ஒரு வேலை செய்தேன். நகரத்தில் சொந்தக் காருக்குப் பதில் பொதுப் போக்குவரத்தை ஊக்குவிக்க வேண்டுமா என்பது தலைப்பு. இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே, எங்கள் ஆலையின் நடைமுறைக் குறிப்பிலிருந்து ஒரு பத்தியைச் செருகினேன். 7018 வெல்டிங் ராடு குறைந்த ஹைட்ரஜன் வகை, ஈரம் பட்டால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும், ஆகவே ஓவனில் 260 முதல் 430 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக் குறைந்தது இரண்டு மணி நேரம் சுட வேண்டும், பிறகு 120 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும். பேருந்துக்கும் காருக்கும் நடுவே இவ்வளவும். மூன்று நாளில் வழக்கமான நான்கு வாக்கியங்களோடு இதுவும் வந்தது: "கருத்துகள் நன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. பேண்ட் 6.5."

இரண்டு வாரம் கழித்து அதே கட்டுரையை, ஒரு புள்ளிகூட மாற்றாமல் மறுபடி அனுப்பினேன். 7 கொடுத்தீர்கள். ராடு நன்றாகக் காய்ந்துவிட்டது போலும்.

இரண்டு பதில்களின் அச்சுப்படிகளையும் தேதியோடு இணைத்துள்ளேன்.

தேர்வு முடிவு வந்த பிறகு, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் மூன்று கட்டுரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் அரை மணி நேரம் குறித்தார். மூன்றிலும் சேர்த்து 'ஏ', 'தி' விடுபட்ட இடங்கள் மட்டும் முப்பத்தொன்று. "ஏம்ப்பா, ரிப்போர்ட் எழுதுற மாதிரியே கட்டுரை எழுதியிருக்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பதினொரு ஆண்டுகளாக நான் தினமும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதுவது என்ன? "விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் கேரிட் அவுட். ஃபவுண்ட் சாட்டிஸ்ஃபாக்டரி. ஆக்செப்டட்." பெரும்பாலும் எழுவாய் இல்லை, துணைவினை இல்லை, 'ஏ', 'தி' எதுவும் இல்லை. தமிழில் அந்த இரண்டைப் போலக் கட்டாயம் போட வேண்டிய சொல் கிடையாது என்பதால் இல்லாதது நம் காதுக்கு உறுத்துவதும் இல்லை. ஆலைக்கு அது போதும். தேர்வில் ரைட்டிங் மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. ஒரு வருடம் போராடினாலும் நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். காசு வாங்காத ஒரு பெரியவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை உங்கள் நிபுணர் பதினேழு முறையும் பார்க்கவில்லை. பார்த்தால்தானே தெரியும்.

எங்களைப் போன்ற தொழிற்சாலை ஆட்கள், கட்டுமான சூப்பர்வைசர்கள், டிராப்ட்ஸ்மேன்கள் எல்லாருக்கும் இதே குறை இருக்கும் என்பது என் அனுபவம். "தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான சிறப்பு வகுப்பு" என்று பெயர் வைத்து, மற்ற வகுப்பைவிட ஆறாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிறீர்கள். அந்தச் சிறப்பு என்ன என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பதில் நீங்கள் கொடுத்தது டெம்ப்ளேட். "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கு, "எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்" என்று திரும்பு, "டு கன்க்ளூட்" என்று முடி. நடுவே கோடிட்ட இடத்தை நிரப்பு. முப்பத்தாறு பக்கம். மனப்பாடமும் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஐஇஎல்டிஎஸ் நடத்துபவர்கள் மதிப்பீட்டு அளவுகோலை யாரும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் மனப்பாடச் சொற்றொடரைப் பொருத்தமில்லாமல் போடுவது கீழ்நிலை பேண்டின் அடையாளமாகவே வருகிறது. தேர்வு முடிந்த பிறகுதான் அதைப் படித்தேன். நீங்கள் முன்பே படித்திருப்பீர்கள் என்று நினைத்துத்தான் உங்களிடம் வந்தேன்.

அடுத்தது, ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்ற இரண்டு வகைகளில் நான் பதிவு செய்தது ஜெனரல் டிரெய்னிங். அதில் ரைட்டிங்கின் முதல் கேள்வி கடிதம், 150 வார்த்தை. வரைபடத்தைப் பார்த்து விவரிப்பது அகாடமிக் எழுதுபவர்களுக்கு. நீங்கள் எட்டு வாரத்தில் ஐந்து வாரம் எங்களுக்கு வரைபடம் நடத்தினீர்கள். கேட்டதற்கு "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார்கள். ரீடிங்கிலும் ஒன்றில்லை. அகாடமிக்கில் நாற்பதுக்கு முப்பது சரியாக இருந்தால் ஏறத்தாழ 7 வரும், ஜெனரலில் அதே முப்பதுக்கு 6 அளவில்தான் நிற்கும். உங்கள் மாதிரித் தேர்வில் அகாடமிக் அட்டவணையை வைத்து எனக்கு 7 போட்டு, நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னதெல்லாம் தனிக் கதை.

கடிதம் எழுத ஒரே ஒரு வகுப்பு. ஒரு கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதுவது அந்தக் கேள்வியில் வழக்கமாக வரும் வகைகளில் ஒன்று என்று அந்த வகுப்பில் சொன்னீர்கள். அதற்கான பயிற்சி இப்போது எனக்கு நன்றாகவே கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வியாழன் மாலையில் பேச்சுப் பயிற்சி எடுத்த மேடம் உண்மையாக உழைத்தார். நான் பேசுவதைப் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார். "மைசெல்ஃப்" என்று தொடங்கி என் பெயரைச் சொல்வதை முதல் நாளே நிறுத்தினார். "டூ தி நீட்ஃபுல்" என்று வாய் தவறி வரும்போதெல்லாம் இருமினார். அந்த இருமலுக்குக் கிடைத்ததுதான் 6.5. அவர் ஐந்தாவது வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. இந்தப் புகாரில் அவர் சேர்த்தியில்லை.

ரைட்டிங் மட்டும் தவறியவர்கள், கணினியில் தேர்வு எழுதியிருந்தால், அந்த ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுத 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்ற வழி இருக்கிறது. முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். அதை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்த அமைப்பின் முடிவு என்பதால் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இதைப் பற்றி முடிவு வந்த மறுநாளே உங்கள் உதவி எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். மீண்டும் பத்து நாள் கழித்து அனுப்பினேன். 63-வது நாள் பதில் வந்தது, வாழ்த்துப் படத்தோடு.

இந்த 63 நாளில் உங்கள் நிறுவனத்திலிருந்து எனக்குத் தொலைபேசியே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதினொரு முறை வந்தது, எல்லாம் வேறு விற்பனைக்காக. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினரானது 2014-ல். நான் அதற்கு முந்தைய ஆண்டே பி.இ. முடித்தவன். அதனால் என் பட்டம் அதில் சேராது, இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு 'சிடிஆர்' என்ற திறன் அறிக்கையை எழுதித் தர வேண்டும். நான் செய்த வேலைகளைப் பற்றி மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் 2,500 வார்த்தை வரை, "நான் இதைச் செய்தேன்" என்று தன்மையில். "நாங்களே ரெடியா எழுதித் தர்றோம் சார், 35,000 தான்" என்றார் உங்கள் ஆள். அது விண்ணப்பிப்பவரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. காப்பி என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், தடையும் வரலாம். நான் எழுதியதைப் படிக்கக்கூட முடியாதவர்கள், நான் செய்ததை என் பெயரில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியும் அழைப்பு நிற்கவில்லை.

எனவே கேட்பது இவை. விண்ணப்பத்தில் நான் எழுதிய இலக்கு நிறைவேறவில்லை என்பதால், உங்கள் மின்னஞ்சலில் சொன்னபடி 24,500 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தேர்வுக் கட்டணமாக நான் தனியே கட்டிய பணத்தைக் கேட்கவில்லை, அது என் பொறுப்பு. என் கட்டுரைகளைத் திருத்தியது ஆளா, மென்பொருளா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மென்பொருள் என்றால் விளம்பரத்தில் 'நிபுணர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சிடிஆர் அழைப்புகளை நிறுத்துங்கள்.

பயிற்சி நிறுவனங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் தீர்வு இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் முடியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது சும்மாதான் இருக்கின்றன, வகுப்பு இல்லையே.

கடைசியாக ஒன்று. பதில் எழுதும்போது, நான் கட்டுரையில் செருகிய வெல்டிங் ராடின் எண்ணையும், அதைக் குறைந்தது எத்தனை மணி நேரம் சுட வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் வரும் பதிலை நான் பதிலாகக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவர்

இணைப்பு: விண்ணப்ப நகல், உத்தரவாத மின்னஞ்சல், தேர்வு முடிவு, பதினேழு திருத்தப் பதில்கள், பென்சில் குறிப்புகளுடன் மூன்று கட்டுரைகள்.