கீழ் வீட்டு அப்பத்தாவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நேத்துதான் ரெண்டு இட்லி சாப்ட்டு அது உள்ள தங்குச்சு, ஒக்காந்து எழுதுற அளவுக்கு தெம்பு வந்ததும் மொதல்ல இதத்தான் எழுதணும்னு இருந்தேன். நான் வாந்தியெடுத்து சுருண்டு கெடந்தது உங்களுக்கே தெரியும், போன் பண்ணாத ஆளே இல்ல.

கீழ் வீட்டு அப்பத்தாவ பத்தி சொல்லணும். தெப்பக்குளத்துக்கிட்ட இந்த வீட்டுக்கு குடிவந்து 8 மாசமாச்சு, மோட்டார் போடச் சொல்றதத் தவிர நாங்க ரெண்டு பேரும் பேசுனதே கெடையாது. அன்னைக்கு ராத்திரி நான் ஓஆர்எஸ் பாக்கெட்ட டம்ளர்ல கரைச்சு தாகத்துல மடக்மடக்குன்னு குடிக்கிறதும் ஒடனே வாந்தி எடுக்கிறதுமா இருந்தேன், சத்தம் கேட்டு அப்பத்தா மேல ஏறி வந்துருச்சு, மறுநாள் முகூர்த்தம் அதனால மல்லிப்பூ கூடையும் நாரும் கையோட. பேரன எழுப்பி கவர்ல என்ன போட்ருக்குன்னு படிக்கச் சொல்லி முழு பாக்கெட்டையும் 1 லிட்டர் தண்ணியில கரைக்க வச்சுச்சு. அப்பறம் என் தலமாட்டுல ஒக்காந்து பூ கட்ட ஆரம்பிச்சுச்சு. "ஒரேயடியா குடிக்காத தாயி, வயிறு தாங்காது." பத்து கண்ணி கட்டும், ஒரு ஸ்பூன் ஊத்தும், மறுபடி பத்து கண்ணி. வாந்தி பக்கெட்ட ஊத்திட்டு வந்தா மட்டும் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவும், சாமிக்கு போற பூவுல்ல. விடியிற வரைக்கும் இப்படியே.

காலையில டாக்டர் பாத்துட்டு இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேணாம், தண்ணி உள்ள நின்னுருச்சு அதனால டிரிப்ஸும் வேணாம்னுட்டாரு. யாரும்மா ராத்திரி பாத்துக்கிட்டதுன்னு கேட்டாரு, எனக்கு அழுகைதான் வந்துச்சு.

அன்னைக்கு கட்ட வேண்டியதுல பாதி மொட்டு கூடையிலயே விரிஞ்சு போச்சுன்னு பேரன் சொல்லித்தான் தெரியும். அப்பத்தா ஒரு வார்த்தை சொல்லல.

ஷேர் ஆட்டோவ நிறுத்தி காத்திருந்து கூட்டிப்போன அண்ணன், காசு அப்பறம் குடுன்னு மாத்திரை குடுத்த மெடிக்கல் கடை தம்பி, என் ஷிப்ட பாத்துக்கிட்ட ஆபீஸ் புள்ளைங்க, நொய்க்கஞ்சி குடுத்துவிட்ட எதுத்த வீட்டு மதினி, எல்லாருக்கும் மனசார நன்றி.

அடுத்த முகூர்த்த ராத்திரி நானும் கீழ போயி ஒக்காந்து பூ கட்டப்போறேன். ஒனக்கு எதுக்கு தாயி இந்த வேலன்னுச்சு. விடப்போறதில்ல, நேத்தே ஒரு முழம் கட்டிப் பாத்தேன், கண்ணி இன்னும் இறுகல.