கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதும் முகவரிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையதளங்கள் பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும்போது, கேள்விக்குறிக்குப் பிறகு வரும் தேடல் சொல், பக்க எண், மொழித்தேர்வு எல்லாம் பல நேரம் உதிர்ந்துவிடுகின்றன. பயனர் மூன்றாம் பக்கத்தைக் கேட்டால் முதல் பக்கம் வந்து நிற்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராததால் யாரும் கவனிப்பதில்லை. இதுதான் பெரிய ஆபத்து.

காரணம் எளிது. சர்வர் தன் பதிலில் புதிய முகவரியைச் சொல்லும் லொக்கேஷன் தலைப்பில் (Location header) உள்ளதையே பிரௌசர் திறக்கும். # குறிக்குப் பின் உள்ள பகுதியைப் பிரௌசரே கொண்டுசெல்லும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வரும் அளவுருக்களை (தேடல் சொல், பக்க எண் போன்றவை) நாம்தான் சேர்க்க வேண்டும். இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ (Django) சட்டகத்தில், திருப்பலுக்கான ரிடைரக்ட்வியூவில் (RedirectView) அளவுருக்களைச் சேர்க்கும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். என்ஜின்எக்ஸ் (nginx) என்னும் சர்வர் மென்பொருளில் ரீரைட் (rewrite) கட்டளை தானாகச் சேர்க்கும், ரிட்டர்ன் (return) கட்டளை சேர்க்காது.

சேர்ப்பதிலும் கவனம் தேவை. புதிய முகவரியில் ஏற்கெனவே ? இருந்தால் & கொண்டு இணைக்க வேண்டும். அளவுருக்களைப் பிரித்து, பெயருக்கு ஒரு மதிப்பு என்ற அகராதியாக்கினால், ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வரும்போது ஒன்று தொலையும். மதிப்புக்குள் வரும் & குறியின் குறியாக்க வடிவமான %26 என்பதை & ஆக மாற்றிவிட்டு மறுபடி குறியாக்காமல் விட்டால், ஒரு மதிப்பு இரண்டாக உடையும். மாற்றம் ஏதும் தேவையில்லையென்றால் கேள்விக்குறிக்குப் பின் வந்த மூல எழுத்துத் தொடரை அப்படியே ஒட்டுவதே நல்லது.

301 என்னும் நிரந்தரத் திருப்பலைப் பிரௌசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறைத் திருத்திய பிறகும் பழைய வழியிலேயே போகும். எனவே முதலில் 302 என்னும் தற்காலிகத் திருப்பல் கொடுத்துச் சோதியுங்கள். அளவுரு இல்லாமல், ஒன்றோடு, தமிழ் எழுத்துகளோடு என மூன்று விதமாகவும்.

இப்படிக்கு,
இணைய நிரலாளர் ஒருவர்