விலகியதற்கான காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு வயதைத் தாண்டிய பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே நிற டீ ஷர்ட்டில் எல்லோரும் நிற்கும் படம், மரக்கன்று நடும் படம், வயதான வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் எல்லாம் நன்றாகவே இருந்தன. குறை சொல்ல எழுதவில்லை. நானும் போன வருஷம் அப்படியொரு சந்திப்புக்குப் போய், பிரியாணியை ஒரு கை கூடுதலாகவே பார்த்துவிட்டு வந்தவன்தான். ஆனால் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலைக் கணிதமேதை ராமானுஜன் படித்த பள்ளி என்று அரை வரியில் சொல்லித் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். ராமானுஜன் அங்கே எப்படிப் படித்தார் என்பது நமக்கு எப்படித் தெரிய வந்தது? பழைய மாணவர் சங்கங்களுக்கான வேலை அதில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து, 1898-இல் டவுன் ஹைஸ்கூலில் ஃபர்ஸ்ட் ஃபாரம் சேர்ந்தார் ராமானுஜன். இன்றைய ஆறாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சிக்ஸ்த் ஃபாரம் முடித்தால் மெட்ரிகுலேஷன். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர், சம்பளம் மாதம் 20 ரூபாய். அது போதாமல் அம்மா கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வெளியூர்க் கல்லூரி மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கொடுத்தார்கள். லோனியின் திரிகோணமிதிப் புத்தகம் அந்த மாணவர்கள் மூலமாகத்தான் பையன் கைக்கு வந்தது. ஒரு வீட்டின் பணக்கஷ்டம் கணித வரலாற்றுக்கு உதவியது என்றுகூடச் சொல்லலாம், அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லாமல் இருந்தால் சரி.

செகண்ட் ஃபாரம் படிக்கும்போது, கணிதத்தில் மிக உயர்ந்த உண்மை எது என்று மேல்வகுப்புப் பையன்களிடம் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். சிலர் பைதாகரஸ் தேற்றம் என்றார்களாம். சிலர் பங்கு வியாபாரக் கணக்கு என்றார்களாம்! முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த இரண்டாவது பதிலை யாராலும் கற்பனையில் உண்டாக்க முடியாது. பரீட்சைக்குப் பயந்து கடினமான பாடத்தையே உயர்ந்த பாடமாக நினைக்கும் பள்ளிப் பையனின் அசல் குரல் அது.

எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று வாத்தியார் சொல்ல, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலுமா என்று ராமானுஜன் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் சொல்லப்படாத ஒன்று, பள்ளியின் டைம்டேபிள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள், சுமார் 35 வாத்தியார்கள். யாருக்கும் எங்கும் இடிக்காமல் பீரியட் போட்டுக் கொடுக்கும் வேலையை அந்தப் பையனிடமே கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஜூன் மாதம் வந்தால் டைம்டேபிள் போடுகிறவர் தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வந்ததும் நாலு பேர் சண்டைக்கு நிற்போம்.

மேல்வகுப்பு மாணவர் ஒருவர் வேண்டுமென்றே ஒரு புதிர் போட்டார். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. ராமானுஜன் அரை நிமிஷத்தில் 9, 4 என்று சொல்லிவிட்டார். வெளியே விளையாடப் போக வீட்டில் விடமாட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தெருவில் நிற்கும் சிநேகிதர்களோடு பேசுவாராம். ஆள் குண்டு. சண்டை வந்தால் எதிராளி மேல் விழுந்தாலே போதும், நசுங்கிவிடுவான் என்பாராம். சைன், கோசைன் பற்றித் தானாகவே கண்டுபிடித்தவை ஏற்கெனவே ஐரோப்பியக் கணித அறிஞர் ஆய்லர் கண்டுபிடித்தவைதான் என்று தெரிந்ததும், எழுதிய காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்திருக்கிறார். 1904-இல் பரிசளிப்பு விழா. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்று சொல்லிக் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்தார்.

இதில் பள்ளி ரிக்கார்டில் ஏறக்கூடியது எவ்வளவு? சேர்ந்த தேதி, மார்க், பரிசு, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரர்களும் தெருவில் நின்று பேசியவர்களும் ஞாபகம் வைத்திருந்து சொன்னவை. பைதாகரஸ் கதையையும் கூரைக் கதையையும் ராமானுஜனின் கல்லூரிக் கணித ஆசிரியர் சேஷு ஐயரும், அவருக்குப் பண உதவி செய்த ராமச்சந்திர ராவும் எழுதினார்கள். அது 1927-இல் ராமானுஜனின் ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பில் வந்தது. அதோடு நின்றிருந்தால் நமக்குப் பாதிதான் கிடைத்திருக்கும். 1960-களில் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். ராமானுஜனோடு பழகியவர்களில் உயிரோடு இருந்தவர்களின் நினைவுகளையும், ராமானுஜன் தொடர்பான கடிதங்களையும் சேகரித்தார். பள்ளிக்கூடத் தோழர்கள் எல்லோரும் அதற்குள் தாத்தாக்கள். 1968-இல் அது ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக வந்தது. வெளியிட்டது பல்கலைக்கழகமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. முத்தியால்பேட்டைப் பள்ளியின் பழைய மாணவர் குழு! இத்தனைக்கும் ராமானுஜன் அந்தப் பள்ளியில் படித்தவரே இல்லை. பின்னால் ராமானுஜனைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்தத் தொகுதிகளைத் தொட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

பழைய மாணவர் சங்கம் என்றால் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. ஒரு வாத்தியார், கொஞ்சம் தபால் தலை, அச்சுக்கூலிக்கு நாலு பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து உயர்நிலைப் பள்ளிகள் நடத்திய மலர்களில் பழைய மாணவர் செய்தி என்று ஒரு பகுதி இருக்கும். யார் எஃப்.ஏ. (அன்றைய இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு) தேறினார், யார் பி.எல். முடித்தார், யார் தாசில்தார் ஆனார், யாருக்குக் கல்யாணம். படிக்கச் சுவையாகவே இருக்கும். டவுன் ஹைஸ்கூலில் 1904-க்குப் பிறகு அப்படியொரு பகுதியில் ராமானுஜனைப் பற்றி என்ன போட்டிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் (ஸ்காலர்ஷிப்) கிடைத்தது என்று ஒரு செய்தி போடலாம். அப்புறம்? இங்கிலீஷில் தவறி அந்தச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். 1906-இல் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. கடைசிவரை தேறவில்லை. 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுகக் குமாஸ்தா. எட்டு வருஷம், தேர்வு, பதவி என்று பெருமையாகப் போட ஒரு வரி கிடையாது. 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், 1918-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். செய்தி என்று போட்டால் இந்த இரண்டையும்தான் போட்டிருப்பார்கள்.

இன்றைக்கும் நம் சங்கங்கள் அப்படித்தான். கலெக்டரையும் டாக்டரையும் அமெரிக்காவில் இருப்பவரையும் மேடையில் உட்கார வைக்கிறோம். பாதியில் நின்றவர்களின் முகவரி வாட்சப் குழுவில்கூட இல்லை.

நான் படித்த பள்ளி 1912-இல் தொடங்கியது. பெயர் வேண்டாம். நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடித்தபோது ஸ்டோர் ரூமைக் காலி செய்து, பழைய ரிஜிஸ்டர்களை மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். தெரிந்து நான் ஓடுவதற்குள் தராசு ஏறியாயிற்று. ஒன்றே ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். 1916 முதல் 1921 வரைக்குமான சேர்க்கைப் பதிவேடு. பேப்பர்காரர் நல்ல மனிதர், காசு வாங்கவில்லை.

அதில் கடைசிக் கலம் பள்ளியை விட்டு விலகியதற்கான காரணம். இங்கிலீஷில், தொட்டெழுதும் பேனாவால், பொடி எழுத்தில் ஒன்றிரண்டு சொல். பள்ளிச் சம்பளம் (ஃபீஸ்) கட்டவில்லை என்றுதான் பக்கத்துக்குப் பக்கம். ரங்கூன் போய்விட்டான் என்று சிலர். தேர்ட் ஃபாரம் பையன் ஒருவனுக்குக் காரணம் கல்யாணம். 1918 அக்டோபர், நவம்பரில் விலகியவர்களில் ஐந்து பேருக்கு இறந்துவிட்டான் என்று போட்டிருக்கிறது. அது இன்புளுயன்சா அடித்த வருஷம். சாதி எழுதிய கலத்தை மேலிருந்து கீழே படித்தால், எந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை என்பதும் தெரிந்துபோகும். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. விழா மலரில் இதெல்லாம் வரவில்லை. அதில் வந்தது மந்திரிகளின் வாழ்த்துச் செய்தியும் நகைக்கடை விளம்பரமும்.

கட்டுரையாளர் அடுத்து ஏதாவது பள்ளிக்குப் போனால், சங்கத் தலைவரைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டோர் ரூமை ஒருமுறை பார்த்துவிடட்டும். பழைய மாணவர் யாராவது படிப்பை நிறுத்திவிட்டு அதே ஊரில் சைக்கிள் கடையோ டீக்கடையோ வைத்திருந்தால், அவரிடமும் அரை மணி நேரம் உட்காரட்டும். கூடப் படித்த கலெக்டரைப் பற்றிக் கலெக்டருக்கே தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிவேடு என் வீட்டுப் பரணில், பாலிதீன் உறைக்குள் இருக்கிறது. நாலைந்து இடத்தில் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். பள்ளியில் பூட்டுப் போட்ட ஒரு பீரோ ஒதுக்கிக் கொடுத்தால் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், பீரோ எல்லாம் விலையில்லா நோட்டுப்புத்தகத்துக்கே போதவில்லை என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆகவே பீரோவையும் நானே வாங்கித் தருவதாக இந்த வாரம் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.