‘போக’ வரைதான் கேட்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேடை நாடகத்தின் உறுப்புகள் பற்றிய கட்டுரையில் கதை, பாத்திரம், உரையாடல், ஒப்பனை, ஒளி எல்லாம் வந்திருந்தன. மொரிஷியஸில் நம் தமிழ் நாடகங்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் விடுபட்டுவிட்டன.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகக் கதையை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாக, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களாக, பிரிக்கிறார். உழுத நிலத்தில் வித்து முளைப்பது முகம். அறுத்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். தேசிய நாடக விழாவுக்கென்று எழுதும் 40 நிமிட நாடகத்தில் முகமே 15 நிமிடம் ஓடினால் என்ன ஆகும்? யார் யாருக்கு என்ன உறவு என்று பாத்திரங்களே விளக்கி முடிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் தீர்ந்துவிடும். கதை கருக்கொள்ள வேண்டிய இடத்தில் பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்வார், திரை விழும்.

நிலத்தை விற்றுவிட்ட மகன் அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. மடித்த பத்திரம் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கட்டும். அப்பா பக்கத்தில் வரும்போதெல்லாம் கை அதை மூடட்டும். 2 நிமிடத்தில் முகம் முடிந்தது. எப்போது பார்த்துவிடுவாரோ என்று சபையே காத்திருக்கும்.

8 காட்சி வைத்தால் 7 மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் விளக்கணைத்தால் 10 நிமிடத்துக்கு மேல் இருட்டுதான். ஒரே வராந்தாவில் 3 காட்சி போதும். கொடியில் காய்ந்த துணியை நடிகையே எடுத்து மடித்தால் பொழுது சாய்ந்தது தெரிந்துவிடும்.

பெரிய கோளாறு குரலில். இங்கே பலரும் வீட்டில் பேசும் க்ரியோல் மொழியில் ‘மோ பா பூ அலே’ (நான் போகமாட்டேன்) என்னும்போது மறுப்பு இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்’ என்பதிலோ அது கடைசியில் இருக்கிறது. வீட்டில் க்ரியோல் பேசும் பிள்ளைகள் வாக்கிய முடிவில் மூச்சை விட்டுவிடுவதால் பின்வரிசைக்குப் ‘போக’ வரைதான் கேட்கும். போவாளா மாட்டாளா, யாருக்கும் தெரியாது. ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, முடிவு கேட்காத வாக்கியத்துக்கெல்லாம் கை தூக்கச் சொல்லுங்கள். வசனத்தை ரோமன் எழுத்தில் கொடுக்கவும் வேண்டாம். அதில் கலையும் களையும் ஒன்றாகிவிடும்.

தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே இருக்கிறது. நாமோ மண்டபங்களில் தலைக்கு நேர்மேலே விளக்கைக் கட்டி, நடிகர் கண்களைக் குழியாக்கிவிடுகிறோம். முன்புறம் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒவ்வொன்று கட்டினால் முகம் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர்,
ரோஸ் ஹில்