பழைய மரச் சுவரை அடைத்துப் பூசாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாஷுவா என்ற சிற்றூரில், 1864ல் கட்டி முடித்த மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. மலிவாகக் கிடைத்த பழுப்புச் சாயம் பூசியதால் ‘சின்னப் பழுப்புத் தேவாலயம்’ என்றே பெயர். இத்தகைய கட்டடங்கள் நிலைப்பது வேலை நுணுக்கத்தால்தான்.

சுவர்ப் பலகைகளை நெட்டாக நிறுத்தி, இடைவெளியைக் குறுகிய சட்டத்தால் மூடும் முறையை எடுத்துக்கொள்வோம். சட்டத்தில் அடிக்கும் ஆணி, இரு பலகைகளுக்கும் நடுவே போய்ப் பின்னுள்ள கட்டையில் இறங்க வேண்டும். பலகைகளையும் சேர்த்துத் துளைத்தால், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரம் நகர இடமின்றிப் பிளக்கும்.

முதலில் உளுத்துப்போவது பலகையின் அடிமுனை. வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு வழி. அதற்காக முழுப் பலகையையும் கழற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும், நீர் வெளியே வடியும்படி சாய்வாக அறுத்து, அதே வகை மரத்துண்டைப் பொருத்தலாம். வெட்டுமுனைக்குச் சாயம் பூசிய பிறகே பொருத்த வேண்டும்.

சிங்கப்பூர்க் கடைவீடுகளின் மரச் சன்னல்களுக்கும் இது பொருந்தும். அடிச்சட்டத்தின் இடுக்குகளைச் சிலிக்கன் பசையால் அடைத்து மேலே தடித்த சாயம் பூசுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற முடியாது. சாயம் கொப்பளித்திருந்தால் சுரண்டுமுன் ஒழுகல் எங்கே என்று தேடுங்கள்.

இப்படிக்கு,
மரவேலை அறிந்த வாசகர்,
தோ பாயோ