குளம் வான் பாயுது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வன்னிக் குளங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் "இரணைமடுவின் மதகுகள் திறக்கப்பட்டன" என்ற வரி வந்ததும் நின்றுவிட்டேன். சொல்ல வந்தது வான்கதவுகளை, அதாவது குளத்தில் மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் கதவுகளை. அந்தச் சொல்லைப் பிழையென்று நினைத்து யாரோ திருத்தியிருக்கிறார்கள் போலத் தெரிகிறது.

எங்கள் கிளிநொச்சியில் மதகு என்றால் வீதிக்குக் குறுக்கே தண்ணீர் போகக் கட்டிய சின்னப் பாலம். பின்னேரங்களில் பொடியள் குந்தியிருந்து கதைக்கிற இடம். தமிழ்நாட்டில் அதே சொல் ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாயிலைக் குறிக்கும். சிலப்பதிகாரக் கானல்வரியில் 'உழவர் ஓதை மதகு ஓதை' என்று வருவதும் நீர் பாயும் மதகுதான். குளத்தில் இருக்கும் அந்த வாயிலை நாங்கள் துருசு என்போம். வெள்ள நேரத்தில் "மதகு உடைந்தது" என்று செய்தி வந்தால், இங்கே இருப்பவர் எந்த ரோட்டால் போவது என்று யோசிப்பார். செங்கல்பட்டில் இருப்பவர் ஏரியே போய்விட்டது என்று பதறுவார்.

சரி, வானுக்கு வருகிறேன். குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர், குளக்கட்டை உடைக்காமல் வழிந்து போக விட்டிருக்கும் இடம்தான் வான். அதற்குக் கதவு போட்டிருந்தால் வான்கதவு. மார்கழி மழையில் "குளம் வான் பாயுதாம்" என்று கதை வந்தால் சனம் பார்க்கப் போய்விடும். சிலர் வலையோடு போய் விரால் பிடிப்பார்கள். கமக்காரருக்கு அது சிறுபோகத்துக்கும், அதாவது கோடை நெற்செய்கைக்கும், தண்ணீர் இருக்கிறது என்ற ஆறுதல். ஆனால் 2018 டிசம்பரில் அதே சொல்லைப் பயத்தோடு கேட்டோம். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருக்க, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது.

இந்த வானுக்கு ஊருக்கொரு பெயர் இருக்கிறது. திருநெல்வேலியில் மறுகால், மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்களே உண்டு. மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்குக் கலுங்கு. கிருஷ்ணகிரியில் ஏரி 'கோடி போகும்', கன்னடத்திலும் அது கோடிதான்.

வான் என்றால் மழை என்பது குறளிலேயே இருக்கிறது. எங்கள் வானும் அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமைதான், ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. சிங்களத்தில் குளத்தின் இதே இடத்துக்கு 'வான' என்றும் கதவுக்கு 'வான் தொர' என்றும் பெயர். அனுராதபுரத்தில் மல்வத்து ஓயாவாக ஓடுகிற ஆறுதான் மன்னாரில் அருவியாறு. தேக்கம் என்ற இடத்தில் மறித்த அதன் தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகிறது. ஒரே ஆற்றுத் தண்ணீரில் கமம் செய்தவர்களிடம் ஒரே சொல் இருப்பது எனக்கு இயல்பாகவே படுகிறது. தமிழ்நாட்டு அகராதிக்காரருக்குப் பழக்கமில்லை என்பதற்காக அதைத் தள்ளிவைக்க என்னால் முடியாது.

இனி வன்னிக் குளங்களைப் பற்றி எழுதும்போது வான், துருசு என்றே போடுங்கள். வெளியூர் வாசகருக்காக முதல் தடவை மட்டும் பொருளைச் சொன்னால் போதும். 'மிகைநீர் வழிந்தோடி' என்று மாற்றிவிட வேண்டாம். மழைக்காலத்தில் கரையோரச் சனத்தை எழும்பச் சொல்லி அறிவிப்பதும் இங்கே வான்கதவு என்ற சொல்லால்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி